கேட் பூட்டினாலும் செலவு பூட்டாது
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

கால்பந்து என்றதும் நம்ம ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு மெஸ்ஸி, மீதிப் பேருக்கு ரொனால்டோ. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது அல்ல. டி.வி.யில் வராத டீம்களைப் பற்றியது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாட்டையே பூட்டினார்களே, அப்போது இந்தச் சின்ன டீம்கள் எதைத் தின்று உயிர் பிழைத்தன? பிழைக்காமல் போனவை எதனால் போயின?

தொழில் மேலாண்மை பாடத்தில் நிலையான செலவு, மாறும் செலவு என்று படித்தோம் அல்லவா? (பரீட்சைக்கு முந்தின ராத்திரி படித்தவர்களும் சேர்த்துத்தான்!) லேத் ஓடவில்லை என்றால் இரும்பு வாங்க வேண்டாம், கரண்ட் பில்லும் குறையும். ஷெட் வாடகை மட்டும் நிற்காது. கால்பந்து கிளப்பை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். பந்து, பஸ், கோடு போட சுண்ணாம்பு, இதெல்லாம் மாறும் செலவு, அதிகம் இல்லை. பெரிய செலவு ஆட்டக்காரர் சம்பளம். மேட்ச் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஒப்பந்தப்படி அதைக் கொடுத்தாக வேண்டும். வரவு அதற்கு நேர் எதிர். மேட்ச் நடந்தால்தான் டிக்கெட், டீ, போண்டா, பனியன் எல்லாம் விற்கும்.

பெரிய லீக்குகளுக்கு டி.வி. பணம் இருக்கிறது. அதனால்தான் இங்கிலாந்து பிரீமியர் லீக் 2020 ஜூன் 17-ல் ஆளில்லாத மைதானத்தில் மறுபடி ஆடத் தொடங்கியது. கேமரா இருந்தால் போதும், காசு வரும். அதே ஊரில் மூன்றாம், நான்காம் மட்ட லீக்குகள் அதே மாதம் 9-ம் தேதியே சீசனை முடித்துக்கொண்டன. பார்வையாளர் இல்லாமல் ஆடினால் நஷ்டம் இன்னும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. மேட்ச் ஆடாமல் இருப்பதே லாபம் என்ற நிலைமை! அரசு 80 சதவீத சம்பளத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை, ஏற்றுக்கொண்டதால் பல கிளப்புகள் மூச்சு விட்டன. டிசம்பரில் பிரீமியர் லீக்கும் 5 கோடி பவுண்டு கொடுத்தது. ஆனால் 1874-ல் தொடங்கிய மேக்கில்ஸ்ஃபீல்டு டவுன் கிளப் அதுவரை தாங்கவில்லை. ஏற்கெனவே கடன், அதன்மேல் இந்த இடி. 2020 செப்டம்பர் 16-ல் நீதிமன்றம் கிளப்பைக் கலைத்துவிட்டது. 5 லட்சம் பவுண்டுக்கு மேல் கடன். பெரிய கிளப்பில் ஒரு ஆட்டக்காரனின் சில வாரச் சம்பளம்தான் அது! பிறகு வேறொருவர் வாங்கி, புதுப் பெயரில், ஒன்பதாம் மட்ட லீக்கில் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

எனக்குப் பிடித்த கதை ஜெர்மனியில் நடந்தது. லீப்சிக் நகரத்தின் லோகோமோட்டிவ் கிளப் அப்போது நான்காம் மட்டத்தில் ஆடியது. பெயரே ரயில் எஞ்சின்! ஜங்ஷன் ஊர்க்காரனான எனக்கு அதனாலேயே ஒரு பாசம். 1987-ல் அது பிரான்சின் போர்தோ அணியோடு ஐரோப்பிய அரையிறுதி ஆடியபோது லட்சத்துக்கு மேல் கூட்டம் வந்ததாம். கொரோனாவில் கஜானா காலியானதும், "கண்ணுக்குத் தெரியாத எதிரியோடு மேட்ச், டிக்கெட் 1 யூரோ, அந்தப் பழைய கூட்டத்தை முறியடிப்போம்" என்று அறிவித்தார்கள். மேட்சே கிடையாது. ஆனாலும் 2020 மே 8-க்குள் 1,82,612 டிக்கெட் விற்றது. இங்கிலாந்தில் மரைன் என்ற எட்டாம் மட்ட கிளப்புக்கும் இதே மாதிரி ஒரு யோகம் அடித்தது. 2021 ஜனவரியில் டாட்டன்ஹாமோடு கோப்பை ஆட்டம். 5-0 என்று தோற்றார்கள். ஆனால் உள்ளே வர முடியாத ஜனங்கள் 10 பவுண்டு வீதம் 30,000-க்கு மேல் கற்பனை டிக்கெட் வாங்கினார்கள். தோற்றவன் பணக்காரன் ஆனான்.

நம்ம மாநிலத்துக்கு வருவோம். சென்னை சிட்டி எஃப்.சி. பேரில்தான் சென்னை, ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். 2019 மார்ச் 9-ல் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் சாம்பியன். சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு எடுத்தது. அடுத்த வருஷமே கொரோனா. 2020 மார்ச்சில் ஐ-லீக் பாதியில் நின்றது. 2021 ஜனவரியில் மறுபடி தொடங்கியபோது எல்லா ஆட்டமும் மேற்கு வங்காளத்தில்தான், பார்வையாளர் கிடையாது. கோயம்புத்தூரில் ஒரு மேட்ச் இல்லை, ஒரு டிக்கெட் இல்லை. டீம் கீழ்ப் பாதியில் முடித்தது. 2021-22 சீசன் பட்டியலைப் பார்த்தால் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. சாம்பியன் ஆகி மூணு வருஷம் முழுசா ஆகவில்லை! கொரோனா மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பல்லு ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தால்தானே லேசாகத் தட்டியதும் விழும்?

கேரளாவில் மலப்புரம் பக்கம் செவன்ஸ் என்று ஏழு பேர் ஆட்டம் நடக்கும். முழுக்க முழுக்க கேலரி டிக்கெட்டை நம்பிய பிழைப்பு. நவம்பர் முதல் மே வரை சீசன். அதற்காகவே ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்கள் வருவார்கள். மார்ச்சில் ஆட்டம் நின்றதும் ஊருக்குப் போக விமானமும் இல்லை, கையில் காசும் இல்லை. மேட்சுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவனுக்கு மேட்ச் இல்லாத நாளில் யார் கொடுப்பார்கள்?

பிழைத்துக்கொண்டவர்கள் யார் என்றால், மாசச் சம்பளக்காரர்கள். சென்னை லீக்கில் ஆடும் வங்கி, வருமான வரித்துறை, ஐ.சி.எஃப். டீம்களில் ஆடுகிறவர்களில் உத்தியோகம் உள்ளவருக்கு மேட்ச் நின்றாலும் முதல் தேதி சம்பளம் நிற்காது. நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கடலூர்க்காரரான இந்திய வீராங்கனை இந்துமதி கதிரேசன் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். ஊரடங்கில் சென்னையில் காக்கி உடுப்போடு ரோட்டில் டியூட்டி பார்த்தார். 1993 வரை விழுப்புரமும் திண்டிவனமும் கடலூரோடு சேர்ந்த தென்னாற்காடு மாவட்டம்தானே, அதனால் நம்ம ஊர்ப் பெண் என்றே சொல்லிக்கொள்வேன்.

சரி, எங்க டீம்? விழுப்புரம் ரயில்வே காலனிப் பக்கம், பெயர் வேண்டாம். லீக் கிடையாது, ஓனர் கிடையாது. அப்போது நான் ஸ்கூல் பையன், கோலுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்குகிற வேலை. டீமின் வரவெல்லாம் பொங்கல் டோர்னமெண்ட் பரிசும், நோட்டீசில் "முதல் பரிசு உபயம்" என்று பெயர் போட்டுக்கொள்கிற கடைக்காரர்களும்தான். கடையே மூடிக் கிடந்தால் உபயம் ஏது? ஆனாலும் டீம் சாகவில்லை. சம்பளம் என்று ஒன்று இல்லாததால் கடனும் இல்லை! இரண்டு பந்து, ஒரு வலை, ஒரு செட் ஜெர்சி, எல்லாம் ஒரு அண்ணன் வீட்டுப் பரணில் தூங்கின.

அடி விழுந்தது வேற இடத்தில். எங்களுக்கு நிரந்தர எதிரி திண்டிவனம் டீம். ஏறத்தாழ 40 கிலோமீட்டர், பாசஞ்சர் வண்டியில் 10 ரூபாய் டிக்கெட். 15 பேர் போக வர 300 ரூபாய். கொரோனாவில் பாசஞ்சர் நின்றது. திரும்ப ஓடியபோது எக்ஸ்பிரஸ் கட்டணம் என்று குறைந்தபட்சம் 30 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். அதே 15 பேருக்கு 900. பழைய கட்டணம் 2024 பிப்ரவரியில்தான் திரும்ப வந்தது. வெளியூர் மேட்ச் மொத்தமும் இந்த ஒரு கணக்கில் அடிபட்டுப்போனது. பெரிய கிளப்புக்கு ஸ்பான்சர் போனால் கஷ்டம், எங்களுக்கு பாசஞ்சர் போனதே கஷ்டம்.

ஆட்டக்காரர்கள் போனதுதான் பெரிய நஷ்டம். கோயம்பேட்டில் மூட்டை தூக்கிய ஸ்டாப்பர் அண்ணன் 2020 மே மாதம் மார்க்கெட் மூடியதும் ஊர் திரும்பினார். அப்போது கோயம்பேட்டிலிருந்து வந்தவர்களால் நம்ம மாவட்டத்தில் தொற்று ஏறிய நேரம். தெருவே அவரை ஒரு மாதிரி பார்த்தது. அப்புறம் அவர் மைதானத்துப் பக்கமே வரவில்லை. ஃபார்வர்டு அண்ணன் ஒரகடத்தில் கம்பெனிக்குப் போய்விட்டார், ஷிப்ட் டியூட்டி, ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது. கீப்பருக்குக் கல்யாணமாகி இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். ஸ்டேஷன் வாசலில் பார்த்தால், "என்னடா, கிளவுஸ் இன்னும் இருக்கா?" என்று கேட்பார்.

கிளவுஸ் இருக்கு. கீப்பர்தான் இல்லை. வரும் பொங்கலுக்கு முன்னால் திண்டிவனத்தில் ஒரு மேட்ச் பேசி வைத்திருக்கிறோம். முதலாம் ஆண்டில் யாராவது கீப்பர் நிற்பவர் இருந்தால் மெக்கானிக்கல் பிளாக்கில் என்னை வந்து பாருங்கள். போக வர ரயில் டிக்கெட் 20 ரூபாய் டீம் கணக்கு, சாப்பாடு அவரவர் கணக்கு.