பட்டியல் தனி, வடிவமைப்பு தனி

ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது ஆசிரியர்களுக்கு விசிட்டிங் கார்டு அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிடிபி கடையில் கோரல் டிராவில் ஒரு கார்டைப் போடுவார்கள். அதையே நாற்பது காப்பி எடுத்து, பெயர், பதவி, போன் நம்பர் என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். ஒன்றில் பெயர் மாறியிருக்கும், நம்பர் மாறியிருக்காது. புரூஃப் பார்ப்பவர் கண்ணில் பட்டால் தப்பித்தோம். பள்ளியின் முகவரி மாறினாலோ, நாற்பதையும் மறுபடி திருத்த வேண்டும்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: லேடெக்.

தன் புத்தகத்தின் அச்சுப்படி மனதுக்குப் பிடிக்காமல் போனதால், 1970களின் கடைசியில் டொனால்ட் க்னூத் என்ற கணினி அறிஞர் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைத் தானே எழுதினார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் உருவாக்கியது லேடெக். இதில் மவுஸால் இழுத்து வைக்கிற வேலை இல்லை. ‘இந்த இடத்தில் பெயர், 3 மில்லிமீட்டர் விட்டுப் பதவி’ என்று ஒரு தடவை எழுதிவைத்தால் போதும். ஆசிரியர்கள் விவரம் எக்செல்லில் இருக்கும். அதை சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால், லேடெக்கின் டேட்டாடூல் தொகுப்பு வரிவரியாக எடுத்துக் கார்டில் நிரப்பும். மூன்றரைக்கு இரண்டு அங்குலக் கார்டு ஏ4 தாளில் பத்து பிடிக்கும். நான்கு பக்க பிடிஎஃப், வெட்டுக்குறியோடு தயார்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ‘எம்.ஏ., பி.எட்.’ என்பதில் நடுவே வருகிற காற்புள்ளியை, அடுத்த கட்டம் தொடங்குவதாக சிஎஸ்வி எடுத்துக்கொள்ளும். அதனால் அந்தப் பகுதி இரட்டை மேற்கோளுக்குள் இருக்க வேண்டும். ‘&’ குறிக்கு லேடெக்கில் வேறு வேலை இருப்பதால், அதன் முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு போட வேண்டும். தமிழுக்கு ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் பயன்படுத்துங்கள். எழுத்து யூனிகோடில் இருக்கட்டும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியலை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

ரசீது புத்தகத்தில்தான் இதன் அருமை முழுதாகத் தெரியும். நூறு ரசீது, ஒரு ஏ4 தாளில் நான்கு. முதல் தாளில் 1, 2, 3, 4 என்று அடித்தால், வெட்டிய பிறகு நூறையும் கையால் வரிசைப்படுத்த வேண்டும். மாறாக, முதல் தாளில் 1, 26, 51, 76. இரண்டாம் தாளில் 2, 27, 52, 77 என்று போகும்படி கணக்கை எழுதிவிடுங்கள். இருபத்தைந்து தாளையும் அடுக்கி நான்காக வெட்டினால் நான்கு கட்டு வரும். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் 1 முதல் 100 வரை வரிசை பிசகாது. பைண்டிங்குக்கு நேரே அனுப்பலாம்.

கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒவ்வொன்றும் புதிதாக யோசித்துச் செய்கிற வேலைக்குக் கோரல் டிராவே வசதி. ஒரே வடிவத்தில் விவரம் மட்டும் மாறுகிற கார்டு, ரசீது, அடையாள அட்டை, முகவரிக் கவர் எல்லாவற்றுக்கும் லேடெக்கைப் பழகுங்கள். முதல் வேலைக்கு நேரம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் வடிவமைப்பை ஒரு முறை சரிபார்த்த பிறகு, பட்டியலை மட்டும் பார்த்தால் போதும். அந்தப் பட்டியலை அச்சுக்கு முன்பே ஆசிரியர்களிடம் கொடுத்துவிடலாம். தங்கள் பெயரிலும் பட்டத்திலும் உள்ள பிழையை அவர்களைவிடச் சரியாகப் பிடிக்க யாரால் முடியும்?