வெள்ளி மாலையை நோக்கி ஒரு வாரம்

‘இன்றிரவு என்ன சமைப்பது?’ என்னும் கேள்வி எழாத வீடு இல்லை. பெரும்பாலும் அது மாலை ஆறரை மணிக்கு மேல்தான் எழுகிறது. அலுவலகத்திலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த ஒருவர், காய்கறிக் கூடையை எட்டிப் பார்த்து, அதில் இரண்டு கத்தரிக்காயும் வாடிய கொத்தமல்லியும் கிடக்கக் கண்டு, தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. இக்கேள்வியை வாரத்திற்கு ஒருமுறை மட்டும் கேட்டு, ஏழு நாளைக்கும் விடை எழுதிவிடும் குடும்பம் ஒன்றை நான் அறிவேன். தானேயில் எங்கள் அடுத்த வீட்டில் வாழ்பவர்கள் அவர்கள். பெனே இஸ்ரேல் என்னும் யூதப் பிரிவைச் சேர்ந்தவர்கள்.

நான் பிறந்தது கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஊரிகத்தில். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் மொழிபெயர்ப்புப் பணி என்னை மராட்டிய மாநிலத்திற்குக் கொண்டுவந்து சேர்த்தது. வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் பலருக்கும் போலவே எங்கள் வீட்டிலும் கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்வோர். பாட்டியோ அத்தையோ உடனிருந்து அடுப்பைக் கவனித்துக்கொள்ளும் பேறு இல்லை. ஆகவே அடுத்த வீட்டாரின் முறையை முதலில் வியப்போடும், பின்னர்ச் சற்றுப் பொறாமையோடும் கவனிக்கத் தலைப்பட்டேன்.

அம்மக்களைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கொங்கணக் கரையில் அலிபாகை அடுத்த நவ்காவ் என்னுமிடத்தில் கலம் உடைந்து கரையேறியவர்களின் வழியினர் தாங்கள் என்பது பெனே இஸ்ரேலரின் மரபுச் செய்தி. எண்ணெய் ஆட்டுதல் அவர்தம் பழந்தொழில். சனிக்கிழமையன்று அவர்கள் செக்கு ஓட்டார். அதனால் ஊரார் அவர்களைச் ‘சனிவார் தேலி’, அஃதாவது சனிக்கிழமை வாணியர், என்று அழைத்தனர். பம்பாயில் அவர்தம் முதல் தொழுகைக்கூடம் 1796-இல் எழுந்தது. தானேயில் உள்ளது 1879-இல் கட்டப்பெற்றது. 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர்ப் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்துவிட்டனர். இன்று இந்தியாவில் எஞ்சியிருப்போர் சில ஆயிரவரே. வீட்டில் பேசுவது மராத்தி. உண்பது சோறும் மீன் குழம்பும். பார்த்த மாத்திரத்தில் அயலார் என்று எவரும் சொல்லார்.

மொழிபெயர்ப்பாளருக்குச் சொற்களின்மேல் ஒரு சபலம் உண்டு. எபிரேய மொழியில் கிழமைகளுக்குப் பெயர் இல்லை என்பதை அறிந்தபோது எனக்கு அந்த வீட்டின் இரகசியம் பாதி விளங்கிவிட்டது. நாம் ஞாயிறு, திங்கள், செவ்வாய் எனக் கோள்களின் பெயரால் நாட்களை அழைக்கிறோம். அவர்களோ முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று ஆறாம் நாள் வரை எண்ணிக்கொண்டே செல்கின்றனர். ஏழாவதற்கு மட்டுமே தனிப்பெயர் உண்டு. அதுவே ‘ஷப்பாத்’ என்னும் ஓய்வுநாள். ஆறு நாளும் அந்த ஒரு நாளை நோக்கி நடக்கும் படிகள் போலும்.

ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை கதிரவன் மறையும்பொழுது தொடங்கிச் சனிக்கிழமை இரவு வானில் மூன்று விண்மீன்கள் தோன்றும் வரையில் நீடிக்கும். அவ்வேளையில் செய்யலாகாத தொழில்கள் 39 வகை என அவர்தம் பழைய சட்ட நூலாகிய மிஷ்னா வகுத்துரைக்கிறது. தீ மூட்டுதலும் சமைத்தலும் எழுதுதலும் அவற்றுள் அடங்கும். ஆகவே வெள்ளி இரவு விருந்தும் சனிக்கிழமை உணவும் வெள்ளி மாலைக்குள் ஆக்கி முடிக்கப்பெற வேண்டும். முன்னரே ஏற்றி வைத்த சிறு தீயின்மேல் ஒரு தகட்டைப் பரப்பி, அதன்மேல் பாத்திரங்களை வைத்துச் சூடு காப்பது உலகெங்கும் யூத வீடுகளில் உள்ள வழக்கம். கல்கத்தாவில் குடியேறிய பாக்தாத் யூதர்கள் ‘ஹமீன்’ என்று ஓர் உணவு செய்வர். கோழியும் அரிசியும் வெள்ளி மாலை அடுப்பேறி, இரவெல்லாம் மெல்லிய சூட்டில் தானே வெந்து, மறுநாள் நண்பகலில் இலைக்கு வரும்.

கதிரவன் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. இலண்டனில் டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமையில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஜூன் மாதத்திலோ இரவு ஒன்பது மணிக்கு மேலாகும். நம் பம்பாய்ப் பக்கத்தில் அத்துணை வேறுபாடு இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் ஆறு மணியளவு, ஜூன் இறுதியில் ஏழேகால் மணியளவு. ஆயினும் ஆறு மணிக்கு அலுவலகம் விட்டு ரயில் ஏறுகின்றவருக்கு அந்த ஒன்றேகால் மணி நேரம் எவ்வளவு பெரிது என்பதை நேயர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இதன்மேல் உணவு விலக்குகள் வேறு. ஆட்டுக்குட்டியை அதன் தாய்ப்பாலில் வேவிக்கலாகாது என்னும் விதி அவர்தம் வேதத்தில் மூன்று இடங்களில் வருகிறது. அதிலிருந்து கிளைத்த வழக்கப்படி, இறைச்சியும் பாற்பொருளும் ஒரே வேளையில் சேர்வதில்லை. இரண்டிற்கும் பாத்திரங்கள் தனித்தனி. இறைச்சி உண்டபின் பால், தயிர் கொள்வதற்குப் பல மணி நேரம் கழிய வேண்டும். சில நாட்டார் மூன்று மணி என்பர், பலர் ஆறு மணி என்பர். நண்பகலில் தாமதமாகக் கறிக்குழம்பு உண்டால் இரவில் தயிர்ச்சோறு இல்லை. எனவே பகலுணவைத் தீர்மானிக்கும்பொழுதே இரவையும் நினைத்துப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. மீனில் செதிலும் துடுப்பும் உடையதே ஆகும். வாவல் ஆகும், கெளுத்தி, விலாங்கு, இறால், நண்டு ஆகா. இறைச்சி அவர்தம் முறைப்படி அறுக்கப்பெற்று, உப்பிட்டு உதிரம் நீக்கப்பெற்றதாக இருத்தல் வேண்டும். அதை நினைத்த நேரத்தில் தெருமுனைக் கடையில் வாங்கிவிட முடியாது. கொங்கணத்துத் தேங்காய் இங்கே பேருதவி புரிகிறது. தேங்காய்ப்பால் பசுவினது அன்று என்பதால் கறிக்குழம்பிலும் கவலையின்றிச் சேர்க்கலாம். அந்த வீட்டுப் பாயசமும் தேங்காய்ப்பாலில்தான்.

இனி அந்த வீட்டுக்குள் செல்வோம். அம்மையார் மருத்துவமனையில் செவிலியர். காலை, மாலை, இரவு என முறை மாறும் வேலை. கணவர் ரயில்வேயில் பணிபுரிபவர். மகளுக்குக் கல்லூரி, மகனுக்கு மாலைத் தனிப்பயிற்சி. நால்வரும் ஒருங்கே வீட்டில் இருக்கும் மாலைகள் வாரத்தில் இரண்டு அமைந்தால் அதிகம். சனிக்கிழமை இரவு, விண்மீன் கண்டு, ஓய்வுநாளை வழியனுப்பும் சடங்கு முடிந்தபின், மகள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அமர்வாள். ஓய்வுநாளில் எழுதலாகாது என்பதால் வாரத்தின் முதல் எழுத்தே அந்தப் பட்டியல்தான். அதன் தலைப்பில் வரும் வெள்ளிக்கிழமையன்று கதிரவன் மறையும் நேரமும், பக்கத்தில் அம்மையாரின் வேலைமுறையும் குறிக்கப்பெறும். பின்னர் முதலில் எழுதப்படுவது ஞாயிற்றுக்கிழமை உணவன்று, வெள்ளிக்கிழமை உணவே. பச்சைக் கொத்தமல்லி, பூண்டு, பச்சைமிளகாய், தேங்காய் அரைத்துவிட்ட மீன் குழம்பா, கோழியா என்பது முடிவான பின்னரே மற்ற நாட்கள் நிரப்பப்படும்.

நிரப்பும் முறையும் சுவையானது. ஞாயிறு இரவு, மிஞ்சியவற்றைத் தீர்ப்பதற்கு. திங்களும் செவ்வாயும் பருப்பும் காயும். புதன் பால் பக்கம்: மோர்க்குழம்பு, பனீர் முதலியன. வியாழன் இரவு வெறும் கிச்சடி. ஏனெனில் அடுப்பும் ஆளும் மறுநாள் வேலையைத் தொடங்கிவிடுகின்றனர். தேங்காய் துருவுவதும் மசாலா அரைப்பதும் உலர்ந்த திராட்சையை ஊறப்போடுவதும் அன்றிரவே. உரிய திராட்சை மது எளிதில் கிடைக்காத நாட்டில் வாழ்ந்த பெனே இஸ்ரேலர், ஊறிய திராட்சையின் சாற்றையே மந்திரம் ஓதும் கிண்ணத்தில் வார்த்து வந்துள்ளனர். வெள்ளி மாலை விளக்கேற்றிய பின்னர் எவர் நினைத்தாலும் ஒரு பொரியலைக்கூடக் கூடுதலாகச் செய்ய முடியாது. இருப்பதை உண்டு, இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அம்மையாருக்கு வெள்ளி இரவில் மருத்துவமனை வேலை வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். உயிரைக் காக்கும் தொழில் ஓய்வுநாள் விதியினும் மேலானது என்பது அவர்தம் சட்டமாம். அன்று கணவர் விளக்கேற்றுவார். அவருடைய பங்கு தனியே எடுத்து வைக்கப்பெறும்.

இவ்வாறு முன்கூட்டித் திட்டமிடுவதைப் பற்றிப் பழைய யூத ஆசிரியர்களிடையேயும் கருத்து வேறுபாடு இருந்திருக்கிறது. ஷம்மாய் என்பவர் வாரத்தின் முதல் நாளிலேயே நல்ல விலங்கைக் கண்டால் இது ஓய்வுநாளுக்கு என்று ஒதுக்கிவிடுவாராம். பின்னர் அதனினும் நல்லது கிடைத்தால் முந்தியதை உண்டு பிந்தியதை ஒதுக்குவாராம். ஹில்லேல் என்பவரோ அந்தந்த நாளுக்கு ஆண்டவன் அளிப்பான் என்று இருப்பாராம். தல்மூது என்னும் பெருநூல் இருவரையும் சொல்லுகிறது. அம்மையார் ஷம்மாயின் கட்சி. அவருடைய கணவர் ஹில்லேலின் கட்சி. ஆனால் பட்டியல் எழுதும்போது வாய் திறப்பதில்லை.

சென்ற விடுமுறையில் ஊரிகத்திற்குச் சென்றிருந்தபோது இவ்வளவும் என் நினைவுக்கு வந்தன. என் இளமையில் எங்கள் லைன் வீட்டின் இரவு உணவை வகுத்தது சுரங்கத்தின் சங்கு. அப்பா நிலத்தடியில் வேலை செய்தவர். ஒரு முறை பகல், ஒரு முறை மாலை, ஒரு முறை இரவு. இரவு முறை வந்தால் அம்மா பொழுது சாயும் முன்னரே களி கிண்டிக் கீரை கடைந்துவிடுவார். மாலை முறையானால் அப்பாவின் களி நள்ளிரவு வரை துணி போர்த்திய பாத்திரத்தில் காத்திருக்கும். தெருவே அப்படித்தான். எந்த வீட்டில் எப்பொழுது அடுப்புப் புகைகிறது என்பதைக் கொண்டே அவ்வீட்டாருக்கு எந்த முறை வேலை என்று சொல்லிவிடலாம். அம்மா எந்தத் தாளிலும் எழுதவில்லை. ஆயினும் அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது. வாரத்து ஓய்வு நாளில் மட்டும் கறி எடுப்பார்கள். அன்று அனைவரும் வட்டமாக அமர்வோம்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பெற்றது. சங்கு நின்றது. தங்கவயலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறி, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் வாழ்க்கை நிலைத்துவிட்டது. என் அண்ணனும் அவர்களுள் ஒருவர். அவர் மகனும் அவ்வாறே, ஆனால் வேறு ரயில். அம்மா இப்பொழுது இல்லை. அப்பாவுக்கு இருமல், இரவு ஏழு மணிக்கு மேல் உண்டால் உறக்கம் வராது. நான் அங்கிருந்த ஐந்து இரவுகளிலும் அவர் தனியே தட்டின் முன் அமர்ந்ததைக் கண்டேன். அண்ணி எட்டு மணிக்கு, அண்ணன் ஒன்பதரைக்கு, பையன் பத்தரைக்கு. உணவில் குறை ஒன்றுமில்லை. நான்கு முறை சோறு சூடாக்கப்பட்டது. அப்பா மட்டும் ஒவ்வோர் இரவும், “எல்லாரும் தின்னாச்சா?” என்று படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணியிடம் தானே வீட்டைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அந்த அம்மாவுக்குச் சூரியன் நேரம் சொல்லுது, எங்களுக்கு ரயில்தானே சொல்லணும்?” என்றார். நியாயமான கேள்வி. அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது, அதை மீறுவதற்கு அச்சமும் இருக்கிறது. நமக்கு அது இல்லை. வெள்ளி மாலை விளக்கேற்றுவது நம் வீடுகளிலும் உள்ளதே, ஆனால் அதன்பின் அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்று நம்மை எவரும் கட்டாயப்படுத்தியதில்லை. சட்டமில்லாத வீட்டில் ஒரு நாளை அசையாமல் நிறுத்துவது கடினம் என்பதை நான் தானேயிலேயே மூன்று முறை முயன்று தோற்றவள் என்ற முறையில் அறிவேன். ஏழு நாளுக்கும் பட்டியல் போட்டேன், புதன்கிழமைக்குள் கிழிந்துவிட்டது. அம்மையாரிடம் காட்டியபோது, “ஏன் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்கினாய்?” என்று மட்டும் கேட்டார்.

அண்ணியும் நானும் முற்றத்தில் அமர்ந்து, அவ்வாறே கடைசியிலிருந்து தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் ரயிலுக்கு எவரும் போகாத நாள். பகல் உணவு அப்பாவுக்கு ஏற்றதன்று. கறி உண்டால் மாலை வரை நெஞ்சில் நிற்கும் என்பார். எனவே இரவு ஆறரை மணி. அப்பாவின் நேரத்திற்கு மற்றவர்கள் வர வேண்டுமேயன்றி அவர் மற்றவர்களின் நேரத்திற்குக் காத்திருக்கலாகாது என்பதில் அண்ணி உறுதியாக இருந்தார். களியும் கோழிக்குழம்பும். சனிக்கிழமை இரவே மசாலா அரைத்து வைப்பது பையன் பொறுப்பு. அவன் முகம் சுளித்தான், மறுக்கவில்லை. மற்ற ஆறு நாளும் அவரவர் ரயில்படியே நடக்கட்டும் என்று விட்டுவிட்டோம். வியாழனுக்கு மட்டும் கிச்சடி என்று அண்ணி தாமாகவே எழுதிக்கொண்டார்.

நான் தானே திரும்பிய மூன்றாம் வாரம் அண்ணன் தொலைபேசியில் பேசினார். இரண்டு ஞாயிறு நடந்ததாம். மூன்றாவது ஞாயிறு பையனுக்குக் கம்பெனியில் கூடுதல் வேலை வந்துவிட்டது. அவன் பங்கை எடுத்து வைத்துவிட்டு மற்றவர்கள் ஆறரைக்கே அமர்ந்தார்கள். அப்பா இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டாராம்.