குடம் நிறையணும்னா கணக்கு கேட்கணும்



"ஓட்டு கேட்க வந்தாங்க, தண்ணி கேட்டா ஆளையே காணோம்" என்று குழுக் கூட்டங்களில் பேசிக்கொள்கிறோம். கோபம் நியாயமானதுதான். ஆனால் அது குழாயடிச் சண்டையிலேயே தீர்ந்துபோகிறது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்பது எப்படி?

முதலில் நம் பங்கு எவ்வளவு என்று தெரிய வேண்டும். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 18 குடம். நமக்கு எத்தனை குடம் வருது? ஒரு வாரம் நோட்டில் குறித்து வைப்போம்.

அடுத்து கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அங்கே கேட்க வேண்டியவை:

* மோட்டார் ரிப்பேருக்கும் பைப் லைனுக்கும் எவ்வளவு செலவாச்சு?
* மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்?
* எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள்?

"பார்க்கலாம்மா" என்றால் விட்டுவிடக் கூடாது. தீர்மானமாக எழுதி, வாசித்துக் காட்டச் சொல்லி, பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்படியும் பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

ஒருத்தி கேட்டால் வாயாடி என்பார்கள். பத்து குழு சேர்ந்து கேட்டால் தீர்மானத்தில் ஏறும். அடுத்த குழுக் கூட்டத்திலேயே இதைப் பேசுவோம்.