பாரிஸில் மக்கரோன் பயிற்சி: முந்திரி, பாதாம் விற்போர் கவனத்திற்கு



2024 செப்டம்பரில் நாமும் நம் இல்லத்தரசியும் மகன் வீட்டிற்காகப் பாரிஸ் சென்று மூன்று வாரம் தங்கி வந்தோம். ஐஃபல் கோபுரம் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அங்கே ஒரு நாள் இரண்டரை மணி நேரம் ஏப்ரன் கட்டிக்கொண்டு மக்கரோன் செய்யக் கற்றுக்கொண்டோம். மளிகைச் சரக்கு விற்கும் நமக்கு அதில் கிடைத்த பாடத்தை நம் இதழில் எழுதினால் நாலு பேருக்குப் பயன்படும் என்று தோன்றியது.

மருமகள்தான் பணம் கட்டி இடம் பிடித்தாள். ஒருவருக்கு நூறு யூரோ அளவில் ஆகும் என்றதும், "ஒரு மிட்டாய் செய்ய இவ்வளவா?" என்று கேட்டோம். "நாற்பது வருஷமா மக்ரூன்காரங்களுக்குச் சரக்குப் போடுறீங்க, ஒரு தடவை செஞ்சு பாருங்க மாமா" என்றாள். அன்று வெள்ளிக்கிழமை; முட்டையைத் தொடமாட்டேன் என்று இல்லத்தரசி ஒதுங்கிவிட்டார். நாமும் மருமகளும் போனோம். பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னவளும் அவளே.

நமது ஊர் தூத்துக்குடி. மக்ரூன் என்றால் நம்மூர் என்பது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த செய்தி. போர்த்துக்கீசியர் வழியாக வந்த பண்டம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, இம்மூன்றே சரக்கு. பிரான்சு நாட்டு மக்கரோனுக்கும் மூன்றே சரக்குதான்: வெள்ளைக்கரு, சீனி, பாதாம். அங்கே இது பழைய பண்டம். நான்சி என்ற ஊரில், 1792-ல் பிரெஞ்சுப் புரட்சியின்போது கன்னியர் மடங்கள் மூடப்பட்ட பின், இரு கன்னியர்கள் பிழைப்புக்காகப் பாதாம் மக்கரோன் செய்து விற்றிருக்கிறார்கள். அவர்கள் நினைவாக அவ்வூரில் 1952-ல் ஒரு தெருவுக்கே 'மக்கரோன் சகோதரிகள்' என்று பெயர் வைத்தார்கள். அந்த மக்கரோன் ஒற்றையாக, மேலே வெடிப்போடு இருக்கும். பாரிஸ் கடைகளில் வண்ண வண்ணமாக, இரண்டு வில்லைக்கு நடுவே கிரீம் வைத்து விற்பது இருபதாம் நூற்றாண்டில் வந்த வழக்கம். 1862-ல் தொடங்கிய லாதுரே என்ற கடையினர், தங்கள் குடும்பத்தைச் சேர்ந்த பியேர் தெஃபோந்தேன் என்பவரே அவ்வாறு முதலில் ஒட்டியவர் என்கிறார்கள். இன்று பெரிய கடைகளில் ஒன்று இரண்டு மூன்று யூரோவுக்குப் போகிறது. வாயில் போட்டால் இரண்டே கடி!

வகுப்பில் எட்டுப் பேர். கற்பித்த அம்மையார் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்களில் யாருக்காவது முட்டையோ பருப்பு வகையோ ஒவ்வாமை உண்டா?" என்பதுதான். பெயரைக் கூட அதன் பிறகுதான் கேட்டார். நம் நாட்டிலும் 2020-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு லேபிள் விதிகளின்படி, பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் பருப்பு, முட்டை, பால் போன்றவை இருந்தால் அதை அச்சிட வேண்டும். நம்மில் எத்தனை பேர் முந்திரி பாக்கெட் போட்டு விற்கையில் இதைப் பார்க்கிறோம் என்று அப்போது யோசனை போயிற்று.

அடுத்து எடை. அம்மையார் மேசை மேல் ஒரு சிறு தராசை வைத்தார். பாதாம் மாவு 150 கிராம், பொடித்த சீனி 150 கிராம். இதில் வெள்ளைக்கரு 55 கிராம் சேரும். இன்னொரு 55 கிராம் வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடிக்க வேண்டும். இன்னும் 150 கிராம் சீனியை 38 கிராம் தண்ணீரில் காய்ச்சி, 118 டிகிரி வந்ததும் அடிபடுகிற நுரையில் நூல்போல ஊற்ற வேண்டும். நாம் வழக்கப்படி "எத்தனை முட்டை?" என்றோம். "முட்டைக்குக் கணக்கில்லை, கிராமுக்குத்தான் கணக்கு" என்றார். உண்மைதான். ஒரு முட்டையில் 30 கிராம் வெள்ளைக்கரு இருக்கும், இன்னொன்றில் 38 இருக்கும். எண்ணிக்கையில் வாங்கி எண்ணிக்கையில் போடுகிறவனுக்கு நாளுக்கு ஒரு பதம் வரும்.

இனி நமக்கு முக்கியமான இடம். பாதாம் மாவு அங்கே பைகளில் தயாராக விற்கிறது. ஆனாலும் சரக்கின் குணம் தெரியட்டும் என்று ஒவ்வொரு மேசைக்கும் கொஞ்சம் தோல் நீக்கிய பாதாம் கொடுத்து அரைக்கச் சொன்னார். நம் மேசையில் நாமும் மருமகளும். மாவு எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது நம் எண்ணம். எனவே மிக்ஸியை விடாமல் ஓட்டினோம். பக்கத்து மேசையில் ஒரு ஜெர்மன் தம்பதி நிறுத்தி நிறுத்தி அரைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சற்று இளக்காரமாகவே நினைத்தோம்.

அம்மையார் வந்தார். நம் மாவில் ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பிடித்து விரலை விரித்தார். கொழுக்கட்டை மாதிரி உருண்டையாக அப்படியே நின்றது. ஜெர்மானியர் மாவை அதேபோல் பிடித்தார். விரித்ததும் உதிர்ந்து போயிற்று. "உங்கள் மாவு எண்ணெய் விட்டுவிட்டது" என்றார். பாதாமில் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். முந்திரியில் அதைவிடச் சற்றுக் குறைவு. சூடு ஏறினால், அது அரைக்கும் சூடானாலும் கிட்டங்கிச் சூடானாலும், எண்ணெய் வெளியே வந்துவிடும். வெள்ளைக்கரு நுரையாவது எப்படி என்றால், காற்றுக் குமிழ் ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய தோல் போலப் பிடிக்கிறது. எண்ணெய் பட்டால் அந்தத் தோல் தாங்காது. மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும் நுரை ஏறாது என்று மக்ரூன்காரர்கள் சொல்வதும் இதனால்தான்.

பாதாமையும் பொடித்த சீனியையும் சம எடை சேர்த்து, நிறுத்தி நிறுத்தி அரைத்தால் சீனி எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், மாவு உதிரியாக நிற்கும் என்று காட்டிக்கொடுத்தார். தோலை உரிக்கப் பாதாமை வெந்நீரில் போட்டிருந்தால், நன்றாகக் காய்ந்த பிறகே அரைக்க வேண்டும் என்றும் சொன்னார். நம் மாவை வீசிவிடுவார் என்று நினைத்தோம். வீசவில்லை. அதில் பாதியும், வேறு நல்ல மாவில் பாதியும் தனித்தனியே செய்து பார்க்கச் சொன்னார்.

கலக்கும் பக்குவத்திற்கு மக்கரோனாஜ் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். மாவையும் நுரையையும் அகப்பையால் மடித்து மடித்துக் கலந்து, தூக்கினால் அறுபடாமல் நாடாபோல விழ வேண்டும். விழுந்த தடம் அரை நிமிடத்தில் தன்னால் மறைய வேண்டும். அத்தோடு நிறுத்திவிட வேண்டும். நாம் கூடுதலாக நாலு சுற்றுச் சுற்றியதில் முதல் தட்டு ஒன்றோடொன்று ஒட்டி ஊத்தப்பம் ஆனது. அதற்கு அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை, மருமகள்தான் சிரித்தாள். அடுத்த தட்டுகளில் மூன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் பிழிந்து, அரைமணி நேரம் ஆறவிட்டோம். மேலே விரலால் தொட்டால் ஒட்டாத அளவு தோல் கட்ட வேண்டும். அப்போதுதான் உள்ளே எழும் ஆவி மேலே வெடிக்காமல் அடியில் வெளிவந்து, வில்லையின் கீழே சொரசொரப்பான ஒரு ஓரம் எழும்பும். அதைப் பாதம் என்கிறார்கள். பாதம் வராத மக்கரோனை அங்கே விலைக்கு வைக்க மாட்டார்கள். 150 டிகிரியில் பன்னிரண்டு பதினான்கு நிமிடம், நடுவில் ஆவி போக அடுப்புக் கதவை இரண்டு முறை சற்றே திறந்து மூட வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு தட்டும் வெளியே வந்தன. நல்ல மாவில் செய்தவை வழவழவென்று, பாதத்தோடு இருந்தன. நாம் அரைத்த மாவில் செய்தவை மேலே சுருங்கி, திட்டுத் திட்டாக எண்ணெய்க் கறையோடு, நடுவில் அமுங்கி இருந்தன.

அன்பர்களே, அந்தக் கறையை நாம் முன்பே பார்த்திருக்கிறோம்.

2023 மே மாதம் நம்மூரில் மக்ரூன் போடும் ஒரு அன்பர், பதினெட்டு வருட வாடிக்கையாளர், ஒரு காகிதத்தில் நாலு மக்ரூனை மடித்துக்கொண்டு நம் கடைக்கு வந்தார். துண்டு முந்திரி நாலு டின் நம்மிடம் எடுத்திருந்தார். "பொடி எண்ணெய் விடுது அண்ணாச்சி, நுரை நிக்கல, பாருங்க" என்றார். மக்ரூன் மேலே இதே திட்டு, இதே சுருக்கம். நாம் என்ன சொன்னோம்? "நாலு டின்னும் நல்ல சரக்கு. உங்க அடுப்பைப் பாருங்க, முட்டையைப் பாருங்க" என்றோம். கடையில் நாலு பேர் நிற்க அப்படிச் சொன்னோம். அவர் வாதாடவில்லை. மறுநாள் நிலுவைப் பாக்கியைப் பைசா சுத்தமாகக் கட்டிவிட்டுப் போனார். பிறகு வரவே இல்லை. போகட்டும், வேறு ஆள் வருவார் என்று நாமும் இருந்துவிட்டோம்.

அந்த டின்கள் நம் பின்கட்டுக் கிட்டங்கியில், தகரக் கூரைக்கு நேர் கீழே, மேல் அடுக்கில் ஏப்ரல் முழுவதும் இருந்தவை. மே மாத வெயிலில் அந்த இடத்தில் கை வைக்க முடியாது. ஒன்றிரண்டு டின் மாதிரி பார்க்க உடைத்து, மறுபடி டேப் ஒட்டி மூடியதும் நமக்கே நினைவு வந்தது. பாரிஸில் அந்தத் தட்டின் முன் நிற்கையில் இவையெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. அம்மையார் "கவலைப்படாதீர்கள், முதல் தடவை எல்லோருக்கும் இப்படித்தான்" என்று தேற்றினார். அவருக்கு விஷயம் தெரியாது. மருமகளிடமும் அன்று சொல்லவில்லை.

செய்த மக்கரோனுக்கு நடுவே சாக்லேட் கிரீம் வைத்து டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு விசேஷம்: அதை அன்றே தின்னக் கூடாதாம். குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்தால் கிரீமின் ஈரம் வில்லைக்குள் இறங்கி உள்ளே மெத்தென்று ஆகும், பிறகே ருசி. நம் மக்ரூன் இதற்கு நேர் மாறு. மெல்லிய சூட்டில் நெடுநேரம் காயவைப்பது. காற்றுப் புகாத டின்னில் வைக்க வேண்டும். மழைநாளில் மூடி திறந்தால் அரைமணியில் பிசுபிசுக்கும். ஒரே சரக்கு, ஒன்று ஈரத்தால் பக்குவப்படுகிறது, மற்றது ஈரத்தால் கெடுகிறது. மக்கரோன் நாலைந்து நாளில் விற்றாக வேண்டும். மளிகைக் கடை அலமாரிக்கு நம் மக்ரூன்தான் தோது. யாராவது 'பிரெஞ்சு மக்கரோன் ஏஜென்சி' என்று வந்தால், குளிர்பெட்டிச் செலவைக் கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

பாரிஸில் லா ஷப்பேல் என்ற பகுதியில் ஈழத் தமிழர்கள் மளிகைக் கடைகள் வைத்திருக்கிறார்கள். புளி, மிளகாய்த்தூள், முந்திரி எல்லாம் கிடைக்கிறது. ஒரு கடையில் துண்டு முந்திரி அரைக் கிலோ வாங்கி, மகன் வீட்டு மிக்ஸியில் சீனியோடு மூன்று நிறுத்தம் அரைத்துக் கையில் பிடித்துப் பார்த்தோம். உதிர்ந்தது. நல்ல சரக்கு. பாதாமுக்குச் சொன்ன சோதனை முந்திரிக்கும் சரிதான் என்று தெரிந்துகொண்டோம். மொத்தமாக எடுக்கும் அன்பர்கள் டின்னுக்கு ஒரு கைப்பிடி வீதம் இப்படிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. சிக்கு வாடை வந்த பிறகு கண்டுபிடிப்பது எல்லோருக்கும் முடியும். வாடை வருமுன்பே எண்ணெய் விட்டிருக்கும்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பருப்புச் சரக்கு முழுவதையும் முன்கட்டுக்கு இறக்கி, கீழே மரப்பலகை போட்டு அடுக்கினோம். டின்னில் வந்த தேதியைச் சுண்ணாம்பில் எழுதி, முன்னால் வந்தது முன்னால் போகும்படி வைத்தோம். பின்கட்டில் இப்போது உப்பு, சோப்பு மட்டும் இருக்கிறது.

பிறகு ஒரு மாலை அந்த அன்பரின் அடுப்படிக்குப் போனோம். நாலு டின்னுக்கான பணத்தை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போயிருந்தோம். நம்மைப் பார்த்ததும், "வாங்க அண்ணாச்சி, காபி சாப்பிடுங்க" என்றார். பாரிஸ் கதையைச் சொன்னோம், கறை விழுந்த வில்லையையும் சொன்னோம், கூரையையும் சொன்னோம். முழுவதும் கேட்டுவிட்டு, "இதைத்தான அன்னைக்கு நான் சொன்னேன்?" என்றார். ஆமாம் என்றோம்.

கவரை வாங்க மறுத்தார். வற்புறுத்தியபின் பிரித்து எண்ணி, இரண்டு டின் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்ற இரண்டு டின் சரக்கை பிஸ்கட்டில் போட்டுத் தீர்த்துவிட்டாராம். அதற்குப் பணம் வாங்குவது முறையில்லை என்றார். மறு மாதம் ஆள் அனுப்பி ஒரு டின் எடுத்தார். இப்போதும் மாதம் ஒரு டின் எடுக்கிறார், வாங்கும்போது அங்கேயே உடைத்துக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறார். மீதி மூன்று டின் இன்னமும் வேறு கடையில்தான்.