புது மெஷினில் கோளாறு: பழுது பார்ப்பதா, திருப்பித் தருவதா?

புனே நகரின் கிழக்குப் பக்கம் ஹடப்சர் இருக்கிறது. அதை ஒட்டியது மகர்பட்டா. முன்பு வயல்காடு. இப்போது கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்த இடம். சற்றுத் தள்ளிப் போனால் ஹடப்சர் தொழிற்பேட்டை. இந்தப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், கடன் வாங்கிப் புது லேத் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். லாரியில் வந்து இறங்குகிறது. தேங்காய் உடைத்து, குங்குமம் வைத்து, சுவிட்சைப் போடுகிறார். முதல் நாளே கோளாறு! என்ன செய்வார்?

பட்டறைக்காரருக்குக் கை சும்மா இருக்காது. ஸ்பேனரை எடுத்துப் பிரித்துவிடுவார். அங்கேதான் தவறு நடக்கிறது. பிறகு விற்றவர், "நீங்கள் பிரித்ததால்தான் கெட்டது" என்பார். வாரண்டியும் போய்விடலாம். வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில், அது உண்மையிலேயே கோளாறுதானா என்று பாருங்கள். மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா? மூன்று பேஸ் கரண்டில் இரண்டு ஒயர்களை மாற்றி மாட்டினால் சரியாகிவிடும். எலக்ட்ரீஷியனுக்கு அது சின்ன வேலை. கடைந்த கம்பி ஒரு முனையில் தடித்தும், மறு முனையில் மெலிந்தும் வருகிறதா? லேத்தை மட்டமாக நிறுத்தாவிட்டால், அதன் அடிப்பாகமான பெட் லேசாக முறுக்கிக்கொள்ளும். அப்போதும் கம்பி இப்படித்தான் வரும். ரசமட்டம் வைத்துச் சரி செய்யுங்கள். மறுபடி ஒரு கம்பியைக் கடையுங்கள். இரண்டு முனைகளையும் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் போகவில்லையா? இனி விற்றவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

பெல்ட், சுவிட்ச், பேரிங் போன்றவை கழற்றி மாட்டக் கூடியவை. விற்றவரின் ஆள் வந்து வாரண்டியில் மாற்றித் தரட்டும். இதற்காக முழு மெஷினையும் திருப்பி அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், கையில் இருக்கும் ஆர்டர் போய்விடும். ஆனால் இரும்பு வார்ப்பில் விரிசல் இருந்தால்? பெட்டே வளைந்திருந்தால்? மூன்று முறை ஆள் வந்து பார்த்தும் அதே கோளாறு திரும்பி வந்தால்? அந்த மெஷினோடு மல்லுக்கட்டுவதில் பயன் இல்லை. திருப்பித் தருவதே நல்லது.

திருப்பித் தர முடியுமா? முடியும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அதற்கு வழி சொல்கிறது. பொருளைப் பார்க்காமல் வாங்கியிருந்தால், வந்த பிறகு சோதித்துப் பார்க்க உங்களுக்கு நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். சரியில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் ஒன்றும் சொல்லாமல் வைத்துக்கொண்டால், நியாயமான காலம் கடந்ததும் நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். ஏற்றுக்கொண்ட பிறகு, இந்தச் சட்டப்படி பொதுவாக நஷ்டஈடுதான் கேட்கலாம். "நியாயமான காலம்" என்றால் எத்தனை நாள்? சட்டத்தில் கணக்கு இல்லை. அதனால் நாளைக் கடத்தாதீர்கள்.

போனில் சொன்னால் போதாது. எழுதுங்கள். மெஷின் வந்த தேதி, கோளாறு தெரிந்த தேதி, அளந்து பார்த்த அளவு எல்லாவற்றையும் எழுதுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பழுது பார்க்க ஆள் வந்தால், அவர் செய்த வேலையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. வேறு பேச்சு இல்லாவிட்டால், வேண்டாம் என்ற மெஷினை உங்கள் செலவில் லாரி ஏற்றி அனுப்ப வேண்டியதில்லை. ஏற்க மறுக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும்.

விற்றவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆனால் தொழிலுக்கு வாங்கிய மெஷினுக்கு அங்கே இடம் உண்டா? இந்தக் கேள்வி புனே வட்டாரத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போனது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற சிறுதொழில் நிறுவனம் 1990-இல் நம் கோவையின் பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் ஒரு சி.என்.சி. கடைசல் மெஷினுக்கு ஆர்டர் கொடுத்தது. தாமதமாக வந்தது, குறையோடு வந்தது என்பது வாங்கியவர் புகார். 1995-இல் தீர்ப்பு வந்தது. லாபத் தொழிலுக்காக வாங்கியது, எனவே வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்றது. ஐந்து வருடம் போய்விட்டது. மெஷின் நல்லதா கெட்டதா என்பதற்கு அந்தத் தீர்ப்பில் விடை இல்லை!

அதே தீர்ப்பில் சிறு பட்டறைக்காரருக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. பிழைப்புக்காக லேத் வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான். முழுக்க வேறு ஆளை வைத்து ஓட்டினால் அந்த உரிமை இல்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டத்திலும், சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு.

விற்றவர் கோவையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். குறையைச் சரி செய்யவோ, வேறு மெஷின் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிடலாம். விவரம் கேட்க 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். புகாரில் ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: "இந்த மெஷினை நானே ஓட்டுகிறேன். இதுதான் என் பிழைப்பு."