வெயில் வைத்த கணக்கு

கத்திரி வெயில் நாட்களில் வெம்பக்கோட்டை வட்டாரத்துக் காலைப்பொழுதில் ஒரு அவசரம் தெரியும். பட்டாசு ஆலைகளில் மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் முடிக்கப் பார்ப்பார்கள். கரிசல் காட்டில் களை வெட்டுகிறவர்கள் விடியலில் இறங்கி, உச்சிக்கு முன்பே கரையேறிவிடுவார்கள். பதினோரு மணிக்கு மேல் தார்ச்சாலையில் கானல் ஓடும். சாத்தூர்ச் சாலையில் சைக்கிள் மிதித்து வருகிறவர் வேப்பமர நிழலைக் கண்டால் காலை ஊன்றிவிட்டுத்தான் கிளம்புவார்.

இப்படிப்பட்ட வெயிலில் கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, கரையேறியதும் சைக்கிளில் 180 கிலோமீட்டர் மிதித்து, இறங்கிய கையோடு 42.2 கிலோமீட்டர் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். நம்மூர்க் கணக்கில், ஏறக்குறைய வெம்பக்கோட்டையிலிருந்து மதுரைக்கு சைக்கிளில் போய்த் திரும்பி, உடனே சிவகாசி வழியாக விருதுநகர்வரை ஓடுவது. அதற்கு முன்னால் நீச்சல் வேறு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நிற்காமல் செய்யும் பந்தயத்துக்கு டிரையத்லான் என்று பெயர். அதில் மிக நீண்ட வகைகளில் ஒன்றுதான் அயர்ன்மேன். காலையில் தொடங்குகிறவருக்கு 17 மணி நேரம் கெடு.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மனவுறுதி என்ற சொல் வந்துவிடும். அது இல்லாமல் ஒருவரும் தொடங்கவே மாட்டார்கள். ஆனால் வெயிலும் காற்றும் கைகோத்துக்கொள்ளும் நாளில், மனவுறுதியில் யாருக்கும் குறையாதவர்களே சாலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

2025 அக்டோபர் 11 அன்று ஹவாயின் கோனா நகரில் பெண்களுக்கான அயர்ன்மேன் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. பிரிட்டனின் லூசி சார்ல்ஸ்-பார்க்ளே, அமெரிக்காவின் டெய்லர் நிப் இருவரும் மற்றவர்களை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். ஓட்டத்தின் பிற்பகுதியில், வெக்கை தாங்காமல் லூசி தள்ளாடத் தொடங்கி, பாதியில் விலகினார். வழி திறந்துவிட்டது என்று தோன்றிய நேரத்தில், எல்லைக்கோட்டுக்கு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது நிப்பும் சாலையோரம் உட்கார்ந்தார். அவரால் எழுந்து ஓட முடியவில்லை. பின்னால் நிதானமாக வந்துகொண்டிருந்த நார்வேயின் சோல்வெய்க் லோவ்செத் பட்டம் வென்றார்.

கோனாவின் நிலம் கரிசல்காரர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் கறுப்புப் பாறைவெளி, அதன் நடுவே நிழலில்லாத நெடுஞ்சாலை. கறுப்பு நிலம் வெயிலைக் குடித்து, திருப்பி முகத்தில் அடிக்கும். சைக்கிள் பாதை வடக்கே ஹாவி என்ற சிற்றூரில் திரும்புகிறது. அந்தப் பக்கத்தில் இரண்டு மலைகளுக்கு நடுவே நெருக்குண்டு இறங்கும் காற்றை ஹவாய்க்காரர்கள் முமுக்கு என்கிறார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆடி மாதம் இறங்கி, கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்றை நினைத்துக்கொள்ளலாம். சைக்கிளின் பின்சக்கரத்தைத் தகடுபோல மூடிக்கொண்டால் வேகம் கூடும் என்றாலும், பக்கக்காற்று ஆளையே தூக்கிச் சாய்த்துவிடும் என்பதால் கோனாவில் அப்படிப்பட்ட சக்கரத்துக்குத் தடை.

இந்தப் போட்டி பிறந்ததே ஒரு வாக்குவாதத்தில்தான். நீந்துகிறவனா, சைக்கிள் மிதிக்கிறவனா, ஓடுகிறவனா, யாருக்கு உடல்வலு அதிகம் என்ற பேச்சு எழுந்தபோது, அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், ஹவாயில் நடந்துவந்த மூன்று தனித்தனிப் பந்தயங்களை ஒரே நாளில் சேர்த்துவிடலாம் என்றார். 1978 பிப்ரவரி 18-ல் ஓவாஹு தீவில் 15 பேர் தொடங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடத்தில் வென்றார். அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஜான் டன்பார் பின்தங்கியதற்கு ஒரு காரணம் இன்றும் சொல்லப்படுகிறது. கூட வந்த உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோனது. கைவசம் இருந்த பீரைக் கொடுத்துவிட்டார்கள்.

டன்பாரின் கதையில் சிரிப்பு இருந்தாலும், தண்ணீர்க் கணக்கு சிரிக்கும்படியானதல்ல. மனித உடல் சிக்கனமான எஞ்சின் இல்லை. உண்ட சோற்றின் சக்தியில் கால்பங்குக்கும் குறைவாகத்தான் மிதிகட்டைக்குப் போகிறது, மிச்சம் சூடாகிறது. நன்றாகப் பயிற்சி பெற்ற ஒருவர் 200 வாட் வலுவில் மிதித்தால், அவர் உடலுக்குள் ஏறக்குறைய 700 வாட் சூடு உண்டாகும். வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்றை வயிற்றுக்குள் போட்டுவைத்தது போல. அதை வெளியேற்ற உடலுக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. வியர்ப்பது மட்டும் போதாது, அது தோலிலிருந்து ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால், அந்த 700 வாட் சூடு ஒரு மணி நேரத்துக்குச் சரிக்கட்டப்படும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயனில்லை.

கடும் வெயிலில் மணிக்கு ஒன்றரை லிட்டர், சிலருக்கு அதற்கு மேலும் வியர்வை போகும். குடல் உள்ளே வாங்கிக்கொள்வது மணிக்கு ஒரு லிட்டர் அளவுதான். ரத்தம் தோலுக்கும் தசைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்போது அதுவும் குறையும். ஆக, எவ்வளவு குடித்தாலும் கணக்கில் துண்டு விழும். அந்தத் துண்டு எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ கழித்து எவ்வளவு பெரிதாக நிற்கும் என்பதை, காலையில் சைக்கிளில் ஏறும்போதே யோசித்து வேகத்தை வைக்க வேண்டும்.

புழுக்கமும் வறட்சியும் இரண்டு விதமாக ஏமாற்றும். கோவா மாதிரிக் கடலோரத்தில் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடல் ஆறாது. விருதுநகர் மாவட்டத்துக் கோடைக்காற்று பட்டதும் வியர்வை காய்ந்துவிடும். உடல் ஆறுகிறதுதான், ஆனால் எவ்வளவு இழந்தோம் என்பது தெரியாது. மாலையில் சட்டை முதுகில் பூத்திருக்கும் உப்புதான் சாட்சி. அந்த உப்பையும் ஈடுகட்ட வேண்டும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், குழப்பமும் வலிப்பும் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். உப்புப் போட்ட மோரையும் நீராகாரத்தையும் காட்டுக்குக் கொண்டுபோனவர்கள் இந்த இடத்தில் தப்பு செய்யவில்லை.

காற்றின் கணக்கு இன்னும் தந்திரமானது. எதிர்ப்பு விசை காற்றின் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிறவருக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அதே வேகத்தைப் பிடித்து வைக்க அவர் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்கு எதிர்ப்பைத் தள்ள வேண்டும். போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று, சரியாகிவிடும் என்றுதான் மனம் நினைக்கும். போய்த் திரும்ப மொத்தம் 90 கிலோமீட்டர் வரும் பாதையில் போகும்போது மணிக்கு 22, திரும்பும்போது 38 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 30 போலத் தெரிகிறது. உண்மையில் 194 நிமிடம் ஆகும். காற்றில்லாத நாளில் 30-ல் போனால் 180 நிமிடம்தான். மெதுவான பாதியில் அதிக நேரம் கழிப்பதால் வரும் நஷ்டம் அது. அந்த 14 நிமிடத்தை மீட்கப் பதறி மிதிக்கிறவர், ஓட்டத்துக்கு வைத்திருந்த வலுவையும் சேர்த்துச் செலவழித்துவிடுவார்.

பின்காற்றிலும் ஒரு பொறி உண்டு. ஓடுகிறவரின் வேகமும் முதுகில் தள்ளும் காற்றின் வேகமும் ஒன்றாகிவிட்டால், அவரைச் சுற்றிக் காற்றே அசையாது. கால் லேசாக இருக்கும், உடல் அடுப்பில் வைத்ததுபோல இருக்கும். எதிர்காற்றில் முனகிக்கொண்டு ஓடியவருக்கு உடலாவது ஆறியிருக்கும்.

வெயிலுக்குப் பிறந்தவர்களுக்குத்தான் இது கைவரும் என்றும் சொல்வதற்கில்லை. லோவ்செத்தின் ஊரான நார்வே குளிர்நாடு. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெக்கைக்குப் பயந்து டிரையத்லானைக் காலை ஆறரைக்கே தொடங்கினார்கள். ஆண்கள் போட்டியில் வென்ற கிறிஸ்டியன் ப்ளுமென்ஃபெல்ட்டும் நார்வேக்காரர். கோட்டைத் தாண்டியதும் விழுந்து, சக்கர நாற்காலியில்தான் வெளியே போனார். அந்நாட்டுக் குழு செயற்கையாகச் சூடாக்கிய அறைகளில் சைக்கிள் மிதித்துப் பழகியது, உடலின் உள்வெப்பத்தை அளந்து அளந்து வேகத்தை வைத்தது. பத்து முதல் பதினான்கு நாட்கள் தொடர்ந்து வெக்கையில் பயிற்சி எடுத்தால் ரத்தத்தின் நீரளவு கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் போகும் உப்பும் குறையும். பொங்கல் வெயிலில் சுணங்கியவர் சித்திரையில் சமாளிப்பது இந்தப் பழக்கத்தால்தான்.

இந்தியாவில் அயர்ன்மேன் போட்டிக்கு ஓரிடம் கிடைத்தது 2019 அக்டோபரில். கோவாவின் மிராமர் கடற்கரையில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் என்று பாதித் தூர அயர்ன்மேன் நடந்தது. ராணுவ வீரர் பிஷ்வர்ஜித் சாய்கோம் முதலிடம் பெற்றார். தமிழ்நாட்டில் இந்தப் பெயர் பரவலாகக் காதில் விழுந்தது 2025 நவம்பரில், பாஜகவின் கே. அண்ணாமலை அங்கே பந்தயத்தை முடித்தபோது. அதற்கெல்லாம் முன்பே, 2009-ல், டிரையத்லான் வீராங்கனை அனு வைத்தியநாதன் கனடாவில் அல்ட்ராமேனை முடித்திருந்தார். மூன்று நாட்களில் 10 கிலோமீட்டர் நீச்சல், 420 கிலோமீட்டர் சைக்கிள், 84 கிலோமீட்டர் ஓட்டம். அதில் அவருக்கு ஆறாமிடம். 2015-ல் ஐம்பதை நெருங்கிய நடிகர் மிலிந்த் சோமன் ஜூரிச்சில் முழு அயர்ன்மேனை 15 மணி 19 நிமிடத்தில் முடித்தார். வென்றவரைவிடப் பல மணி நேரம் பின்னால்தான் வந்தார், ஆனால் கெடுவுக்குள் வந்தார்.

கரிசல் பக்கத்துப் பையன்கள் பலருக்குக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகிய தந்தையோ தாத்தாவோ இருப்பார்கள். சைக்கிளும் ஓட்டமும் புதிதல்ல. ஆசை வந்தால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் என்ற சிறிய வகையிலிருந்து தொடங்கலாம். அணையிலோ குளத்திலோ தனியே இறங்கக் கூடாது. கூட வருகிறவருக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வெயிலில் ஓடுகிறவர் சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், அது சோர்வு மட்டுமல்ல. உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிய வெப்பவாதமாக இருக்கலாம். 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே குளிர்ந்த நீரில் நனைத்து உடலை ஆற்ற வேண்டும்.

தள்ளாட்டம் இந்தப் போட்டிக்குப் புதிதல்ல. 1982-ல் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, உடற்பயிற்சி குறித்த தன் ஆய்வுக்காக ஹவாய்ப் பந்தயத்தில் இறங்கி, முன்னிலையில் வந்து, கோட்டுக்குச் சில அடி முன்னால் விழுந்தார். தவழ்ந்து முடிப்பதற்குள் கேத்லீன் மெக்கார்ட்னி தாண்டிப் போய்விட்டார். 29 விநாடி வித்தியாசம். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த பிறகுதான் அமெரிக்காவே இந்தப் போட்டியைத் திரும்பிப் பார்த்தது.

ஆனால் பழைய ஆட்டக்காரர்கள் அதிகம் பேசுவது 1995-ஐப் பற்றி. ஏழு முறை கோனாவை வென்றிருந்த பாலா நியூபி-ஃப்ரேசர், பின்னால் துரத்தி வந்த கேரன் ஸ்மையர்ஸுக்குப் பயந்து, வழியில் இருந்த தண்ணீர்ப் பந்தல்களில் நிற்காமல் ஓடினார். சில விநாடிகளை மிச்சம் பிடிக்கும் எண்ணம். எல்லைக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கையில் கால் பின்னி, சாலையில் சாய்ந்தார். ஸ்மையர்ஸ் அவரைக் கடந்து போய் வென்றார். பாலா ஏறக்குறைய இருபது நிமிடம் தரையில் கிடந்தார், ஷூவைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், எழுந்து வெறுங்காலோடு நடந்து நான்காவதாக வந்தார். 1996-ல் அதே சாலைக்குத் திரும்பினார். எட்டாவது பட்டம் அந்த ஆண்டு கிடைத்தது.