இரண்டு சர்க்கார் நிலத்தில் ஓடிய ரெயில்!

காரைக்கால் பாதை மறைந்த கதை. மீண்டு வந்த கதை

பேரளத்தில் ரெயில் புறப்படும். அது ஆங்கிலேயர் ஆண்ட பூமி. வயல்களையும் வாய்க்கால்களையும் தாண்டிச் சுமார் 23 கிலோ மீட்டர் ஓடும். கடைசியில் காரைக்காலில் போய் நிற்கும். அங்கே பறப்பது பிரெஞ்சுக் கொடி!

இந்த அதிசய ரெயில் முதன் முதலில் ஓடியது 1898-ம் ஆண்டில். பாதையின் ஒரு முனை ஒரு சர்க்காரிடம். மறு முனை இன்னொரு சர்க்காரிடம்.

1947-ல் இந்தியா விடுதலை அடைந்தது. காரைக்காலுக்கு அப்போது விடுதலை கிடைக்கவில்லை. ஆகவே அதன் பிறகும் ஏழு ஆண்டுகள், சுதந்திர நாட்டில் ரெயில் ஏறியவர் அயல் ஆட்சியில் இறங்கினார். 1954 நவம்பர் 1-ந் தேதி காரைக்கால் இந்தியாவுடன் இணைந்தது. கொடி மாறியது. ரெயில் மட்டும் மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால், 1987-ல் அந்த ரெயில் நின்றது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. ஏறக்குறைய 38 ஆண்டுகள் அந்த வழியில் ரெயிலே இல்லை. 2025-ல் அதே தடத்தில் மீண்டும் ஒரு ரெயில் சோதனை ஓட்டமாக ஓடியது.

போன ரெயில் எப்படித் திரும்பி வந்தது? அது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

நெல்லுக்காக வந்த ரெயில்

1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னரிடமிருந்து அவர்கள் அதைப் பெற்றார்கள். மூன்று புறமும் நெல் விளையும் பூமி. கிழக்கே கடல். தஞ்சைச் சீமையின் அரிசி காரைக்காலில் கப்பல் ஏறியது.

அரிசி மட்டுமா ஏறியது? மனிதர்களும் ஏறினார்கள். 1850-களிலிருந்து பல ஆண்டுகள் கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஏழைத் தமிழர்கள் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பல் ஏறினார்கள். ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனார்கள். அவர்களுடைய சந்ததியார் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

இப்படி இருந்த துறைமுகத்துக்கு ஒரு போட்டி வந்தது. தெற்கே சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்தில் நாகப்பட்டினம். அது ஆங்கிலேயர் துறைமுகம். 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரெயில் பாதை திறக்கப்பட்டது.

வியாபாரி என்ன செய்வான்? மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றிக் காரைக்காலுக்குப் போவானா? ரெயிலில் ஏற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்புவானா?

ரெயில் இல்லாத துறைமுகம் கதவு இல்லாத வீட்டைப் போன்றது. காரைக்காலுக்கும் ரெயில் தேவைப்பட்டது. ஏற்கெனவே 1894-ல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ஒரு பாதை வந்திருந்தது. அந்தப் பாதையில் உள்ள பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ஒரு கிளை போடப்பட்டது. அதுதான் 1898-ல் திறந்த பாதை. அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாக அது காரைக்காலை அடைந்தது.

அது மீட்டர் கேஜ் பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஒரு மீட்டர். அதனால் அந்தப் பெயர்.

ஆறுகளுக்கு நடுவே

இந்தப் பாதை போட்டது லேசான வேலை அல்ல. காவிரி கடலைச் சேரும் முன் பல கைகளாகப் பிரியும் பூமி இது. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜன் ஆறு என்று எத்தனையோ ஆறுகள். அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களுக்குக் கணக்கே இல்லை.

தண்டவாளம் வெள்ளத்தில் மூழ்கக் கூடாது. அதற்காக மண்ணை உயர்த்திக் கரை போட வேண்டும். கரை போட்டால் வயலுக்குப் போகும் தண்ணீர் தடைப்படும். மழைக் காலத்தில் வடியவேண்டிய நீரும் தேங்கும். பயிர் அழுகிவிடும்.

ஆகவே ஆறு வந்தால் பாலம் கட்ட வேண்டும். வாய்க்கால் வந்தால் கரைக்கு அடியில் சிறு பாலம் வைக்க வேண்டும். தண்ணீருக்கு வழி விட்டால்தான் ரெயிலுக்கு வழி.

இன்னொரு சங்கடமும் உண்டு. தண்டவாளத்துக்கு அடியில் கருங்கல் ஜல்லி பரப்ப வேண்டும். டெல்டாவிலோ எங்கு தோண்டினாலும் வண்டல் மண்தான். கல் கிடையாது. ஜல்லி வெளியூரிலிருந்து வர வேண்டும்.

இத்தனை பாடுபட்டுப் போட்ட பாதைதான், பஸ்களும் லாரிகளும் பெருகிவிட்ட காலத்தில், 1987-ல் மூடப்பட்டது.

மில் வேறு, ரெயில் வேறு

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

காரைக்காலுக்கு ரெயில் வந்த அதே 1898-ல் புதுச்சேரியில் ஒரு பெரிய பஞ்சாலை தோன்றியது. பிற்காலத்தில் ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், சுருக்கமாக ஏ.எப்.டி. மில் என்று பெயர் பெற்றது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட அந்த மில் 2020-ல் மூடப்பட்டது.

மில் மூடினால் பூட்டு ஒன்று போதும். நாலு சுவருக்குள் நிலம் அப்படியே கிடக்கும்.

ரெயில் பாதை அப்படி அல்ல. அது பல மைல் நீளமுள்ள ஒரு நாடாவைப் போன்றது. நடுவில் பத்தடி போனாலும் போதும், முழுப் பாதையும் வீண். ஒருவர் அதில் குடிசை போடுவார். ஒருவர் வேலி அடைப்பார். ஒருவர் கடை வைப்பார். பிறகு அதை ஒட்டுவது யாரால் முடியும்?

வெளிநாட்டார் கண்ட வழி

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்தத் தொல்லை பெரிய அளவில் வந்தது. ஆற்றங்கரைகளில் மில் ஊர்கள் இருந்தன. மில்லுக்காக ரெயில் வந்தது. மில்கள் மூடின, மோட்டார் வண்டிகள் பெருகின, ரெயிலும் நின்றது.

கைவிட்ட பாதையை என்ன செய்வது? அவர்கள் ஒரு நல்ல யோசனை செய்தார்கள். தண்டவாளத்தை எடுத்துவிட்டு, அதே தடத்தை நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் ஆக்கினார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் 51 கிலோ மீட்டர் நீளமுள்ள ஒரு பாதை 1960-களிலேயே இப்படி மாறியது. அதில் மூன்று சுரங்கங்கள் உண்டு. ரெயில் புகுந்த சுரங்கத்தில் இன்று சைக்கிள் புகுகிறது!

இதில் ஒரு வசதியைப் பாருங்கள். ரெயில் செங்குத்தான மேட்டில் ஏறாது. ஆகவே அதன் பாதை எங்கும் சமமாக இருக்கும். முதியவர்களும் குழந்தைகளும் மூச்சு வாங்காமல் நடக்கலாம்.

1983-ல் அமெரிக்காவில் ஒரு சட்டமும் வந்தது. மூடிய ரெயில் பாதையைத் துண்டு போடாமல் நடைபாதையாக வைத்துக்கொள்ளலாம். பின்னால் தேவைப்பட்டால் மறுபடியும் ரெயில் விடலாம். பாங்கில் பணம் போட்டு வைப்பது போல நிலத்தைப் போட்டு வைக்கும் ஏற்பாடு இது!

23 எங்கே? 60 எங்கே?

காரைக்காலுக்கு அந்தத் தேவை வந்தே விட்டது.

2009-ல் காரைக்கால் அருகே தனியார் துறைமுகம் ஒன்று செயல்படத் தொடங்கியது. நிலக்கரி கப்பலில் வந்து இறங்கியது. 2011 டிசம்பரில் நாகூரிலிருந்து காரைக்காலுக்கு 10 கிலோ மீட்டர் அகலப் பாதை திறக்கப்பட்டது. அகலப் பாதை என்றால் தண்டவாளங்களின் இடைவெளி 1 மீட்டர் 67.6 சென்டி மீட்டர்.

ரெயில் வந்துவிட்டது. ஆனால் தெற்கிலிருந்து வந்தது. காரைக்காலிலிருந்து வடக்கே மயிலாடுதுறைக்குப் போக நினைக்கும் ரெயில் முதலில் தெற்கே நாகூர், நாகப்பட்டினம் போக வேண்டும். பிறகு மேற்கே திருவாரூர். அதன் பிறகுதான் வடக்கே பேரளம். இந்தச் சுற்று 60 கிலோ மீட்டருக்கும் மேல். நேர் வழியோ 23 கிலோ மீட்டர்தான்!

சனிப் பெயர்ச்சி ஏறக்குறைய இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. அப்போது திருநள்ளாற்றுக்கு லட்சக்கணக்கான மக்கள் வருகிறார்கள். பழைய ரெயில் அந்த ஊரிலேயே நின்றது. அது நின்றுபோன பிறகு ரெயிலில் வருகிறவர்கள் வேறு ஊரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆகவே பழைய பாதைக்கு உயிர் கொடுக்க முடிவாயிற்று. பெரும்பாலும் அதே தடத்தில் புதிய அகலப் பாதை எழுந்தது. 2025-ல் சோதனை ஓட்டம் நடந்தது. தடம் இருந்தது, ரெயில் திரும்பியது.

எல்லா ஊருக்கும் இந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை. 1964 டிசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடி ரெயில் பாதை அழிந்தது. இன்று வரை அங்கே ரெயில் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு உள்நாட்டுப் போரால் 1990-ல் ரெயில் நின்றது. 2014-ல் மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பிறந்த பிள்ளைகள் தங்கள் ஊர் ஸ்டேஷனில் ரெயிலைப் பார்க்காமலே பெரியவர்கள் ஆனார்கள்.

குடும்பத்துடன் போகிறவர்களுக்கு

இந்தப் பாதையைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இப்போது அது நடைபாதை அல்ல; ரெயில் பாதை. தண்டவாளத்தில் நடப்பது உயிருக்கு ஆபத்து. ரெயில்வே சட்டப்படி குற்றமும் ஆகும். பாதை ஓரத்து ஊர்களைச் சாலை வழியாகச் சென்று பாருங்கள்.

பேரளத்திலிருந்து தொடங்கலாம். அம்பகரத்தூரில் பத்ரகாளியம்மன் கோவில் இருக்கிறது. அடுத்து திருநள்ளாறு. அங்கே தர்ப்பாரண்யேசுவரர் கோவிலும் நள தீர்த்தமும் உண்டு. பிறகு காரைக்கால். அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவரான காரைக்கால் அம்மையாரின் ஊர். ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா நடக்கும்.

மாலையில் அரசலாற்றங்கரைக்குப் போங்கள். வெயில் தாழ்ந்த பிறகு காலார நடந்தால் ஆறு கடலில் கலக்கும் இடம் வரும். கப்பல் ஏறிய அரிசியும் கண்ணீருடன் கப்பல் ஏறிய மனிதர்களும் கடந்துபோன கரை இது என்று குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் ஊரிலும் கைவிட்ட பாதை ஏதாவது இருக்கலாம். பழைய ரெயில் தடமோ, வண்டிப் பாதையோ, வாய்க்கால் கரையோ இருக்கலாம். இன்று அது யாருக்கும் பயன்படாத புறம்போக்காகத் தெரியும். அதைக் கூறு போட ஒரு நாள் போதும். மறுபடி சேர்க்க ஒரு தலைமுறை போதாது.

நடக்கப் பயன்படட்டும்; சைக்கிளுக்குப் பயன்படட்டும்; சும்மா கிடந்தாலும் கிடக்கட்டும். வழி வழியாகவே இருக்கட்டும்!

காரைக்கால் சொல்லும் பாடம் இதுதான்.